பள்ளிக்கூடத்தில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது?

மழைக்காகிதம் கேட்டது:

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். பிள்ளைகளை வயது வாரியாகப் பிரித்து, ஒரே அறையில் உட்கார வைத்து, மணி அடித்தால் கணக்கு, அடுத்த மணி அடித்தால் வரலாறு, வருடக் கடைசியில் மூன்று மணி நேரம் எழுதுகிற ஒரு தேர்வு, அதில் வாங்கிய மார்க்தான் அந்தப் பிள்ளை என்று முத்திரை குத்துவது. இந்த ஏற்பாட்டுக்கு இன்னும் ஏதாவது நியாயம் மிச்சம் இருக்கிறதா?

என் மகளுக்கு 13 வயது. படிப்பில் மோசமில்லை, ரொம்பக் கெட்டிக்காரி என்றும் சொல்ல முடியாது. அவளுடைய அறிவியல் நோட்டில் ஒளிச்சேர்க்கைக்கு ஐந்து மார்க் பதில் அச்சடித்த மாதிரி இருக்கிறது, டீச்சர் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறார். ஒரு பெரிய மரத்துக்கு அவ்வளவு எடை எங்கிருந்து வருகிறது என்று சும்மா கேட்டேன். யோசிக்காமல் "மண்ணிலிருந்து" என்றாள். காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை எடுத்து மாவுப்பொருள் தயாரிக்கிறது என்று அவள் கையெழுத்திலேயே அதே நோட்டில் இருக்கிறது! எழுதியதும் நினைப்பதும் ஒரே தலைக்குள் இருந்தும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

இது போதாதென்று செயற்கை நுண்ணறிவு வேறு. வீட்டுப்பாடத்தை போட்டோ எடுத்துப் போட்டால் விடை வந்து விழுகிறது, அதை அழகாகப் பார்த்து எழுதி மார்க் வாங்கி வருகிறார்கள். என் கணவர் பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்கிறார். பள்ளிக்கூடமே தொழிற்சாலைக்கு ஆள் தயாரிக்க உண்டாக்கியது, அதன் காலம் முடிந்துவிட்டது என்று ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்ததிலிருந்து இதே பேச்சு. எனக்கு அவ்வளவு தூரம் போகத் துணிச்சல் இல்லை, இருப்பதை அப்படியே ஏற்கவும் மனசில்லை.

ஆசிரியர்கள், வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவர்கள், இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். "எல்லாம் பெற்றோர் கையில்தான் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பழந்தாள் எழுதியது:

உங்கள் வீட்டுக்காரர் பார்த்த வீடியோ எது என்று தெரியவில்லை, ஆனால் அந்தத் தொழிற்சாலைக் கதையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதை நம்பி நிறையப் பேர் பெரிய முடிவு எடுக்கிறார்கள்.

இன்றைய ஜெர்மனிப் பக்கம் இருந்த பிரஷ்யா என்ற நாட்டில் மன்னர் இரண்டாம் பிரெடெரிக் கிராமத்துப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்று ஆணை போட்டது 1763இல். அப்போது அங்கே பெரிய ஆலைகள் எங்கே இருந்தன? மக்களில் பெரும்பாலோர் விவசாயம் பார்த்தவர்கள். அரசருக்கு வேண்டியிருந்தது எழுதப் படிக்கத் தெரிந்த, மதநெறி அறிந்த, சொன்னால் கேட்கிற குடிமக்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராக இருந்த ஹொரேஸ் மான் 1843இல் ஐரோப்பா போய் அந்தப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். 1840களின் பிற்பகுதியில் பாஸ்டனில் தொடங்கிய குவின்சி பள்ளியில் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் தனி அறை, தனி ஆசிரியர் என்று வைத்தார்கள். இன்று நமக்குப் "பள்ளி" என்றால் கண்ணில் தெரிகிற உருவம் கிட்டத்தட்ட அதுதான்.

அதற்கு முன்பு வேறு வழிகளும் இருந்தன. ஆண்ட்ரூ பெல் என்பவர் சென்னையில் ஓர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்தியபோது, கொஞ்சம் தேறிய பிள்ளைகளை வைத்தே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். அதை 1797இல் லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார், அது "மெட்ராஸ் முறை" என்ற பெயரிலேயே உலகம் சுற்றியது. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், செலவு குறைவு. அரசாங்கங்களுக்கு ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் தொழிற்சாலையைவிட மோசமான பூர்வீகம் ஒன்று உண்டு. 1906இல் அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளை கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க முன்வந்தது. எது கல்லூரி, எது கல்லூரி இல்லை என்று பிரிக்க வேண்டுமே. அதற்கு, சேருகிற மாணவர் உயர்நிலைப் பள்ளியில் எத்தனை பாடம் படித்திருக்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். ஒரு பாடம் என்றால் 120 மணி நேரம். கற்றதை அளக்க வழியில்லாமல் உட்கார்ந்த நேரத்தை அளந்தார்கள். ஓய்வூதியக் கணக்குக்கு வைத்த கோல் நூற்றாண்டு தாண்டியும் பள்ளிகளைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. திட்ட வேண்டுமென்றால் இதைத் திட்டுங்கள்.

இன்னொன்று. "பள்ளியின் காலம் முடிந்தது" என்பதும் புதுப் பேச்சு இல்லை. 1913இலேயே தாமஸ் எடிசன், பள்ளியில் புத்தகங்களுக்குச் சீக்கிரம் வேலை இருக்காது, சலனப்படம் வந்துவிட்டது, பத்தே வருடத்தில் எல்லாம் மாறிவிடும் என்றார். அப்புறம் வானொலி வந்தபோது, தொலைக்காட்சி வந்தபோது, கம்ப்யூட்டர் வந்தபோது என்று ஒவ்வொரு முறையும் பழைய குருடி கதவைத் திறடி.

சாக்பீஸ்_தூசி எழுதியது:

கணக்கு ஆசிரியர் நான், ஆறிலிருந்து பத்து வரை எல்லா வகுப்பும் எடுத்திருக்கிறேன். பழந்தாள் சொன்ன அந்த 120 மணி நேர விஷயத்திலிருந்தே தொடர்கிறேன், நோய் அங்கேதான் இருக்கிறது.

அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு என்று கேளுங்கள். ஒவ்வொரு வருடமும் சில பிள்ளைகள் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடச் சின்னது, கூட்டினால் எப்படிக் குறையும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவே இல்லை. அதாவது பின்னம் ஒரு அளவு என்பதே மனசில் ஏறவில்லை, கோட்டுக்கு மேலே ஒரு எண், கீழே ஒரு எண், அவ்வளவுதான். இதைச் சரி செய்ய ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள் போதும், இன்னொன்றுக்கு மூன்று வாரம் ஆகும். நிகழ்ச்சி நிரலில் ஒரு வாரம்தான் கொடுத்திருக்கிறார்கள். போர்ஷனை முடிக்க வேண்டும். நகர்ந்துவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் வரும்போது அதே பிள்ளை மாட்டிக்கொள்ளும், அப்போது எல்லாரும் சேர்ந்து "இவனுக்குக் கணக்கு வராது" என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். நேரத்தை இறுக்கிக் கட்டிவிட்டோம், கற்பதை அதன் போக்கில் விட்டுவிட்டோம். தலைகீழாக இருக்க வேண்டியது இது.

தலைகீழாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வின்னெட்கா என்ற ஊரின் பள்ளிகளில் 1919 முதல் கார்ல்டன் வாஷ்பர்ன் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகும்படி பாடங்களைப் பிரித்து வைத்தார், ஒன்று தேறினால்தான் அடுத்தது. கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரை ரொம்பப் பிரபலம். தனி ஆசிரியர் வைத்து, தேறும் வரை கற்பித்தால் சராசரிப் பிள்ளைகூட வழக்கமான வகுப்பில் படிக்கிறவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடுகிறது என்றார். இதைத்தான் இன்று கல்விச் செயலி விற்கிறவர்கள் எல்லாரும் முதல் பக்கத்தில் போடுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, 2011இல் வான்லென் என்பவர் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தனிப் பயிற்சியின் பலன் புளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவு என்று வந்தது. அப்போதும் அது நல்ல பலன்தான், மந்திரம் இல்லை, அவ்வளவே.

தனி ஆசிரியர் எல்லாருக்கும் எட்டாது. எட்டுகிற வழி ஒன்று இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு செய்து காட்டியது. ஒரு நாளில் கொஞ்ச நேரம் வகுப்பு வித்தியாசத்தைக் கலைத்துவிட்டு, வாக்கியம் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு கூட்டம், எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் ஒரு கூட்டம் என்று இருக்கிற நிலையை வைத்துப் பிரித்துக் கற்பிப்பது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் முறையாகச் சோதித்துப் பலன் உண்டு என்று கண்டார்கள், ஜாம்பியா வரை போயிருக்கிறது. புதுக் கட்டடமும் வேண்டாம், டேப்லெட்டும் வேண்டாம். பிறந்த வருடத்தைப் பார்த்து உட்கார வைப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்த மனசு வேண்டும். வயது வாரி வகுப்பிலேயே பாருங்கள், சேர்க்கைக் கெடு தேதிக்கு ஒட்டிப் பிறந்து வகுப்பிலேயே சின்னதாக இருக்கிற பிள்ளை மார்க்கில் பின்தங்குவது பல நாடுகளில் பார்த்த விஷயம். ஆறு வயதில் பத்து மாத வித்தியாசம் சாதாரணமா?

சரி, தேர்வுக்கு வருகிறேன். இங்கே பலர் என்மேல் கோபப்படலாம். தேர்வை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், மனப்பாடத்தையும் சொல்ல மாட்டேன். வாய்ப்பாடு தெரியாத பிள்ளை இருபடிச் சமன்பாட்டில் காரணிப்படுத்த உட்கார்ந்தால் ஒவ்வொரு பெருக்கலிலும் மூச்சு வாங்கும், யோசிக்க இடமே இருக்காது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் செய்த சோதனையில் ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பப் படித்தது, இன்னொரு கூட்டம் புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் ஞாபகம் இருந்தது, படித்தவர்களுக்கு 42. டெஸ்ட் என்பது படிப்பதற்கான கருவி. அதை எடை போடும் தராசாக மட்டும் ஆக்கியது நாம்தான்.

நான் செய்வது இது. வகுப்பு தொடங்கும்போது துண்டுச் சீட்டு, நான்கு கேள்வி, அதில் இரண்டு போன மாதத்துப் பாடத்திலிருந்து. மார்க் கிடையாது, பதிவேட்டில் ஏறாது. தவறு எங்கே என்று மட்டும் குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுப்பேன். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இலேயே காட்டிய விஷயம்தான், குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் முன்னேறினார்கள், குறிப்போடு மார்க்கும் சேர்த்துப் போட்டால் குறிப்பின் பலன் போய்விட்டது, மார்க்கைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார்கள் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். இவ்வளவும் பழைய பள்ளிக்குள்ளேயே, அதே மணி, அதே பெஞ்ச்.

உங்கள் மகளின் மரம் பற்றி ஒரு வார்த்தை. அவளுக்கு விடையைச் சொல்லாதீர்கள். வான் ஹெல்மாண்ட் என்பவர் 17ஆம் நூற்றாண்டில் ஒரு தொட்டியில் சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, இரண்டு கிலோ சொச்சம் இருந்த வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 77 கிலோ ஆனது. மண்ணைக் காயவைத்து நிறுத்தால், அதில் குறைந்திருந்த எடை 60 கிராமுக்கும் கம்மி. இந்த எண்களை அவள் முன் வைத்து "இப்போது சொல்லு" என்று விட்டுவிடுங்கள். தண்ணீர்தான் என்பாள். வான் ஹெல்மாண்டும் அதைத்தான் சொன்னார். அதிலிருந்து அவளாகவே கிளம்பி அந்த நோட்டுக்கு வந்து சேர்ந்தால் ஐந்து மார்க் பதில் அவளுடையதாகிவிடும்.

கடைசி_பெஞ்ச் எழுதியது:

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் "பள்ளி வேண்டாம்" என்று பேசுகிறவர்கள் எல்லாரும் வீட்டில் அமைதியான அறையும் படித்த அப்பா அம்மாவும் இருக்கிறவர்கள் என்பதைக் கவனித்தீர்களா?

பள்ளி இல்லாத உலகம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை, 2020இல் பார்த்துவிட்டோம். ஏப்ரல் மாதத்தில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்பது யுனெஸ்கோ கணக்கு. நெதர்லாந்தில் எட்டு வாரம்தான் மூடினார்கள், கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் நல்ல இணையம் இருக்கிற நாடு அது. அங்கேயே பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்து முன்னேறியது சொற்பம், அல்லது ஒன்றுமே இல்லை என்று 2021இல் வந்த ஆய்வு சொன்னது. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு இன்னும் அதிகம்.

எனக்குப் பள்ளியில் பாடம் பெரிதாக ஏறவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இல்லாத புத்தகமும் பேச்சும் மனிதர்களும் அங்கேதான் கிடைத்தார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம்.

நிலாமுற்றம் எழுதியது:

எங்கள் பையனைச் சில வருடங்கள் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தோம், இப்போது மறுபடி பள்ளிக்குப் போகிறான். இரண்டு பக்கமும் வக்காலத்து வாங்க எனக்கு ஆசை இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் அவசரம் இல்லை என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், அது ஒரு வீட்டையே மாற்றிவிடும். அவனுக்கு வரைபடம் என்றால் பைத்தியம். ஒரு நாள் முழுக்க, மறுநாளும், அதன் மறுநாளும் நதிகளையே வரைந்துகொண்டிருப்பான், யாரும் மணி அடித்து எழுப்பவில்லை. அதிலிருந்து அளவுகோல், விகிதம், அணைகள், எல்லைச் சண்டை என்று தானாகவே போய்ச் சேர்ந்தான். பள்ளியில் இது நடந்திருக்காது, இதை நான் அடித்துச் சொல்வேன்.

ஆனால் பிடிக்காததைத் தொடவே மாட்டான். கட்டுரை எழுது என்றால் அழுகை. வகுப்பில் முப்பது பேர் எழுதும்போது கூடவே எழுதிவிடுகிற பிள்ளை, வீட்டில் அம்மாவிடம் பேரம் பேசும், நானும் அம்மாவா டீச்சரா என்று எனக்கே தெரியாத நாட்கள் உண்டு. கூட்டாளி இல்லை என்று எல்லாரும் கேட்பார்கள், அது அவ்வளவு பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை, விளையாட்டு, பாட்டு என்று போகிற இடத்தில் கிடைத்தார்கள். எனக்கு உறுத்தியது வேறு. அவன் சொல்வதை மறுத்துப் பேச ஆளே இல்லை. தனக்குப் பிடிக்காத ஒருவனோடு ஒரே குழுவில் உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டிய கட்டாயம் வீட்டில் வராது.

அப்புறம் யாரும் வெளியே பேசாதது. ஒருவர் வேலையை விட வேண்டும். அது பெரும்பாலும் யாராக இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காகிதம், உங்கள் வீட்டுக்காரர் யோசனை சொல்கிறார் சரி, தினமும் உட்காரப் போவது யார் என்று கேட்டீர்களா? சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், நாட்டுக்கு நாடு மாறுகிறது, ஜெர்மனி மாதிரி இடங்களில் அனுமதியே கிடையாது. தனித்தேர்வராக எழுத வழி இருக்கிறதா, எந்த வயதில், யார் நடத்துகிறார்கள் என்பதை நிறுத்துவதற்கு முன்பே விசாரித்துவிட வேண்டும், பிறகு அல்ல.

நள்ளிரவு_கோடு எழுதியது:

கல்விச் செயலிகள் எழுதுகிற வேலை எனக்கு, அதனால் இதை நான் சொல்வது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். தொழில்நுட்பம் மட்டும் வந்து பள்ளியை மாற்றிவிடும் என்று நம்பாதீர்கள்.

2012இல் இலவச இணையப் பாடங்கள் வந்தபோது பல்கலைக்கழகங்கள் மூடிவிடும் என்றே பேசினார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய பாடங்களின் தரவை வைத்து 2019இல் வந்த ஆய்வில், சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று லட்சக்கணக்கில் கொடுத்தார்கள், பிறகு சோதித்துப் பார்த்தால் கணக்கிலும் வாசிப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. வீடியோவைப் போட்டுவிட்டால் பிள்ளை படிக்கும் என்பது, விஷயம் கிடைக்காததுதான் குறை என்று நினைப்பதால் வருவது. விஷயம் எங்கும் கிடக்கிறது. உட்கார்ந்து முட்டி மோதத்தான் ஆளும் நேரமும் தூண்டுதலும் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டீர்கள். துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கிட்டத்தட்ட ஆயிரம் பேரை வைத்துக் கணக்குப் பாடத்தில் சோதித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சாதாரண உரையாடல் செயலி, இன்னொரு கூட்டத்துக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த செயலி, மூன்றாவது கூட்டத்துக்குப் புத்தகம் மட்டும். பயிற்சியின்போது முதல் கூட்டம் 48 சதவீதம் அதிகம் எடுத்தது, இரண்டாவது 127 சதவீதம். சூப்பர் என்று தோன்றும். பிறகு செயலியைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தார்கள், முதல் கூட்டம் புத்தகம் மட்டும் வைத்திருந்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தது. குறிப்பு மட்டும் வாங்கியவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை, ஆனால் 127ம் காணாமல் போனது. பயிற்சியில் தெரிகிற வெற்றி வேறு, தலையில் தங்குவது வேறு, சாக்பீஸ்_தூசி சொன்ன அந்த ஐந்து நிமிடம், ஒரு வாரம் சோதனையும் இதே கதைதான்.

வீட்டில் முழுக்கத் தடை போட முடியாது, போட்டாலும் நண்பன் வீட்டில் பார்ப்பார்கள். வரிசையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். முதலில் தானே போட்டுப் பார்க்க வேண்டும், தப்பாக இருந்தாலும் சரி. பிறகு தன் விடையைக் கொடுத்து, எந்த வரியில் தவறு என்று மட்டும் சொல், விடையைச் சொல்லாதே என்று கேட்க வேண்டும். கடைசியில் மூடி வைத்துவிட்டு அதே மாதிரி இன்னொரு கணக்கு. மூன்றாவது படியைத் தவிர்க்கத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

பிளஸ்டூ_பயணி எழுதியது:

17 வயது, இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். எங்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறீர்கள், அதனால் நானும் வருகிறேன் 🙂

வீடியோ எடிட்டிங் நானே கற்றேன், யாரும் சொல்லித் தரவில்லை, அதைப் பார்த்து "பார், பள்ளி இல்லாமலே கற்றுக்கொள்கிறார்கள்" என்று மாமா சொல்வார். ஆனால் வேதியியலை நானாக ஒருநாளும் தொட்டிருக்க மாட்டேன். ஒரு சார் வந்து, முதல் வகுப்பிலேயே பாடப் புத்தகத்தைத் திறக்காமல் ஒரு குவளையில் நிறம் மாற்றிக் காட்டி, ஏன் என்று கேட்டுவிட்டு விடை சொல்லாமல் போய்விட்டார். இப்போது எனக்கு அதுதான் பிடித்த பாடம். பிடித்ததை மட்டும்தான் படிப்பேன் என்றால் எது பிடிக்கும் என்றே தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று, பெரியவர்கள் பேசாதது. தூக்கம். பதின்ம வயதில் உடம்புக் கடிகாரமே தள்ளிப்போகிறது, சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014இலேயே நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அதற்கு முன்பே சிறப்பு வகுப்பு. முதல் பீரியடில் யாருக்கும் எதுவும் ஏறாது, டீச்சருக்கும் அது தெரியும்.

மழைக்காகிதம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நிலாமுற்றம் கேட்ட கேள்வியை அப்படியே வீட்டில் கேட்டேன், பேச்சு நின்றுவிட்டது, இப்போதைக்கு அவ்வளவு சொன்னால் போதும். பள்ளியை நிறுத்தப்போவதில்லை.

சாக்பீஸ்_தூசி சார், ஒன்று மட்டும். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். முறையை மாற்றுங்கள் என்று போய் நின்றால் சிரிப்பார்கள். ஒரே ஒரு விஷயம் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பது?

சாக்பீஸ்_தூசி எழுதியது:

திருத்திய தேர்வுத் தாளை மறுபடி எழுத விடுவார்களா என்று கேளுங்கள். மார்க்கை மாற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அங்கேதான் பயப்படுவார்கள். தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒரு பீரியட், தவறாகப் போன இரண்டு கேள்வியை மட்டும் எடுத்து, எங்கே சறுக்கியது என்று ஒரு வரி எழுதி, திரும்பப் போட்டுக் காட்டுவது. ஆசிரியர் அதை மறுபடி திருத்தக்கூட வேண்டாம், பக்கத்தில் இருக்கிற பிள்ளை பார்த்தால் போதும். ஒரு பீரியட் இழப்பது ஆசிரியருக்குப் பெரிய விஷயம், அதனால் எல்லாத் தேர்வுக்கும் கேட்காதீர்கள், இந்தப் பருவத்தில் ஒரு பாடத்துக்கு என்று கேளுங்கள்.

எல்லாப் பெற்றோரும் இருக்கும்போது கேட்க வேண்டாம், அந்த இடத்தில் "பார்க்கலாம்" என்றுதான் எந்த ஆசிரியரும் சொல்வார். கூட்டம் கலைந்த பிறகு அறிவியல் டீச்சரிடம் தனியாகப் போங்கள். குறை சொல்ல வந்தீர்கள் என்று நினைக்காதபடி, மரத்தின் எடை பற்றி வீட்டில் நடந்ததைச் சொல்லித் தொடங்கினால் அவரே ஆர்வமாகிவிடுவார், எங்களிடம் அந்த மாதிரி விஷயத்தை யாரும் வந்து சொல்வதில்லை. முடியாது என்றால் விட்டுவிடுங்கள், அதே இரண்டு கேள்வியை வீட்டில் செய்யுங்கள். தாளை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள், சில பள்ளிகளில் கையெழுத்து வாங்கிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.